இருபத்திரண்டு தோல்வியும் ஒரே ஒரு அடியும்

போத்ரெரித்தோ
மே 30, புதன்கிழமை

என் அருமை மகள் இடானியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மூன்று பசுக்களும் நாயும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் அவரேதான், பின்னால் சொல்கிறேன். நீயும் நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்கிற டோன்யா என்கார்னாவும் ஸ்பெயினில் அந்தச் சரகோசா ஊர்க் காற்றில் அடித்துக்கொண்டு போகாமல் பத்திரமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். இன்று காலை நம் நாட்டு அன்னையர் தினத்துக்கு நீ போன் பண்ணியபோது என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, சளியா என்று கேட்டாய். சளி இல்லை. உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், எனக்கோ உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் சரி போகட்டும் என்று விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ரொட்டிக்கடை எமெலினாவின் மகள் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் பெட்டியில் ஒரு மூலையை நமக்கு விட்டிருக்கிறாள். சீஸ் இரண்டு கட்டி, நீ கேட்ட மொறுமொறு சோளமாவு ரொஸ்கீயா ஒரு பை, இந்தக் கடிதம், இன்னும் ஒரு பொட்டலம். பொட்டலத்தைக் கடிதம் முடித்த பிறகு பிரி. டோன்யா என்கார்னாவுக்குப் பொய்ப்பல் என்றாயே, ரொஸ்கீயா கொடுப்பதானால் காப்பியில் நன்றாக ஊறவைத்துக் கொடு, இல்லாவிட்டால் உன் வேலைக்கு ஆபத்து.

நம் ஊருக்கென்று இந்த வருஷம் ஒரு பேஸ்பால் அணி பிறந்தது உனக்குத் தெரியும். அது என்ன கதியானது என்று யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், உன் அப்பா போனில் "ஏதோ போவுது, கத்துக்கிறோம்" என்று சொல்லியே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டார். நான் சரியாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆட்டம், இருபத்திரண்டும் தோல்வி. ஜனவரியில் அவர் ஹுய்கால்பா டவுனுக்கு சீஸ் போடப் போனார், திரும்பி வரும்போது ஊர்ப் பெயரை மாவட்ட லீகில் பதிவு பண்ணிவிட்டு வந்து நின்றார். யாரைக் கேட்டீர்கள் என்றேன். "யாரைக் கேக்கணும், நம்ம ஊருல ஆம்பளைங்க இல்லியா, மாடு கறக்குற கைக்கு பேட் புடிக்கிறது ஒரு வித்தையா" என்றார். அணிக்கு 'இடிமுழக்கம்' என்று பெயரும் வைத்தாயிற்று. வினை சட்டையிலேயே ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய துணி வருமே, அதில் ஒரே மாதிரி பதினெட்டுச் சட்டை கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்தார். எங்கோ ஒரு பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்களுக்குள் விளையாடத் தைத்துக்கொண்டது போலிருக்கிறது, நெஞ்சு நிறைய ஒரு பெரிய கடைவாய்ப்பல், அதற்குக் கண்ணும் வாயும் வைத்துக் கையில் பிரஷ் கொடுத்திருக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் பார்த்தவுடனே சொன்னேன், இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் இடி இடித்தாலும் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று. கேட்டால்தானே. முதல் ஆட்டத்துக்கு ரியோ மான்சோ போனார்கள், அந்த ஊர்க்காரன் ஒருத்தன் "ஏய் கடவாப்பல்லு, இன்னிக்கு எத்தனைய புடுங்கணும்" என்று கத்தினான், அவ்வளவுதான், மாவட்டம் முழுக்க நம் அணிக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த ஊரில் கையோடு குறடு கொண்டுவந்து ஆட்டினார்கள்.

ஆள் இல்லாமல் தோற்றோம் என்று நினைக்காதே. பஸ் டிரைவர் ஃபுல்ஹென்சியோ இருக்கிறானே, அவன் பந்து வீசினால் பந்து கண்ணுக்கே தெரியாது, மெய்யாகவே அவன் கையில்தான் இடி இருந்தது. அவன் வீசும்வரை எந்த அணியும் நம்மை முந்தியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒரு மணிக்கு ஆரம்பம், ஹுய்கால்பா பஸ்ஸோ மூன்று மணிக்கு. அவன் மைதானத்து ஓரத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆடுவான், மூன்று மணி ஆனதும் உள்ளே உட்கார்ந்திருக்கிற சனங்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உன் அப்பா ஒருதடவை பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டார், "இன்னும் மூணு பேர்தான் அவுட்டாகணும், கொஞ்சம் பொறுங்க" என்று. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் "எம் மருமக பிரசவ ஆஸ்பத்திரியில கெடக்கா, உங்க பல்லுக்காக அவ பொறுப்பாளா" என்றாள். ஃபுல்ஹென்சியோ பல் சட்டையோடேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அதற்கப்புறம் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் வீசுவார். ஒரு ஆட்டத்தில் ஏழுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தோம், பஸ் போனது, ஏழுக்குப் பத்தொன்பதில் முடிந்தது. ஏப்ரலில் ஒருநாள் எதிர் அணியின் வண்டி வழியில் பழுதாகிவிட்டது, இரண்டு மணிக்குள் வராவிட்டால் ஆடாமலே நமக்கு வெற்றி. நான் மனசுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா என்ன பண்ணினார் தெரியுமா, பாவம் வெயிலில் நிற்பார்களே என்று நம் ஆட்களையே அனுப்பி அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். ஒன்றே முக்காலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். வந்தவர்கள் தெம்பாக இருந்தார்கள், தள்ளினவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பதினான்குக்கு ஒன்று. இவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

இதில் நான் எங்கே வந்து மாட்டினேன் என்றால், ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் ஒரு ஆட்டக் குறிப்பாளரைத் தர வேண்டும் என்று லீகில் சட்டம். உன் அப்பா என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார், முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் வேறு எதற்கு என்று. சரி, பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு குடை, ஒரு பென்சில் என்று உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாததில்லை, ஆனால் டோன்யா என்கார்னாவுக்கு இதை வாசித்துக் காட்டுவாய், அவருக்காக எழுதுகிறேன்: பந்தை அடித்தவன் முதல் பேஸ் என்கிற மெத்தைக்கு ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. அவன் திறமையால் போனானா, பிடிக்க வேண்டியவன் கோட்டைவிட்டதால் போனானா என்று குறிப்பாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். திறமை என்றால் அது அடி, அவன் பேருக்கு நேரே ஏறும். கோட்டைவிட்டது என்றால் அது பிழை, கோட்டைவிட்டவன் பேரில் ஏறும், அடித்தவனுக்கு ஒன்றுமில்லை. நம் மைதானத்தில் போர்டு கிடையாது, அதனால் நான் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டும். உன் பழைய பள்ளிச் சீருடையை வெட்டித்தான் செய்தேன், வெள்ளைச் சட்டைத் துணி என்றால் அடி, நீலப் பாவாடைத் துணி என்றால் பிழை. கோபித்துக்கொள்ளாதே, சட்டையில் அக்குள் ஏற்கெனவே கிழிந்திருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்த முதல் நாளே, முடிவெட்டும் எவாரிஸ்தோ, அவன்தான் ஒலிபெருக்கியில் வர்ணனை, ஊருக்கெல்லாம் கேட்க என்னை எப்படி அறிமுகம் செய்தான் தெரியுமா, "நம்ம ஐம்பத்தொம்பது டீச்சர் வந்துட்டாங்க, யாரும் எரக்கம் எதிர்பாக்காதீங்க" என்றான். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று மற்றவர்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அறுபது எடுத்தால் பாஸ். நீ ஆறாவதில் கணக்குப் பரீட்சையில் ஐம்பத்தொன்பது எடுத்தாய், பெற்ற மகள் என்றும் பார்க்காமல் நான் பெயில் போட்டேன், ஜனவரியில் நீ மறுதேர்வு எழுதினாய், அத்தை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கடலுக்குப் போனார்கள், நீ மட்டும் ஜன்னல் ஓரத்தில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். பத்தொன்பது வருஷமாக ஊரில் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா இந்த அணிக்கு மேனேஜர் மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். மார்ச்சில் முதல் பேஸில் நிற்கிறவன் வேலை தேடிக் கோஸ்தா ரிகாவுக்குப் போய்விட்டான், அன்றே இவர் பல் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே போய் நின்றுவிட்டார், ஐம்பத்தொரு வயதில், அந்த வயிற்றோடு. பல் இன்னும் அகலமாகச் சிரித்தது. பேட் பிடித்து நாற்பத்தாறு தடவை நின்றிருக்கிறார், ஒரு அடி கூட இல்லை, என் பென்சிலும் மற்ற ஊர்க் குறிப்பாளர்கள் பென்சிலும் சேர்ந்து அவர் பேருக்கு நேரே நாற்பத்தாறு பூஜ்யம் போட்டன. நான் சிரித்ததில்லை, இடானியா. அவருக்கு விளையாட வேண்டிய வயதில் யுத்தம் நடந்தது, அவர் கையில் பேட்டைக் கொடுக்கவில்லை, வேறு எதையோ கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். "ஜெயிக்காட்டிப் போவுது நிக்கோலாசா, ஒரே ஒரு அடி, என் பேருல ஒண்ணு, அப்புறம் செத்தாலும் சரி" என்று சீஸ் பிசையும்போது சொல்லுவார். வாயைக் கழுவுங்கள் என்பேன்.

போன ஞாயிறு கடைசி ஆட்டம், ரியோ மான்சோ அணி நம் ஊருக்கு வந்தது. பஸ் வழக்கம்போலப் போயாயிற்று, ஒன்பதுக்குப் பூஜ்யம், கடைசி இன்னிங்ஸ், நம்மில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தர் போனால் ஆட்டம் முடிந்தது. இதைவிடப் பெரிய அவமானம் என்னவென்றால் அவர்களுடைய பந்து வீச்சாளன் அதுவரை நமக்கு ஒரு அடி கூடக் கொடுக்கவில்லை. அப்படியே முடிந்தால் அது அவன் காலத்துக்கும் சொல்லிக்கொள்ளும் சாதனை, நமக்குக் காலத்துக்கும் மானக்கேடு. அந்த நேரம் பார்த்து உன் அப்பா பேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எவாரிஸ்தோ ஒலிபெருக்கியில் "சாமி கும்பிடுறவங்க இப்ப கும்பிடலாம்" என்றான். முதல் பந்து போனது, இரண்டாவது போனது, மூன்றாவது பந்தை எப்படியோ தொட்டுவிட்டார். பந்து மூன்றாவது பேஸ் பக்கம் சோம்பலாக உருண்டது. அங்கே நிற்கிற யாடர் நல்ல ஆட்டக்காரன், சீசன் முழுக்க ஒரு பிழை கூட இல்லாதவன், ஓடி வந்து குனிந்தான், பந்து எகிறி அவன் மோவாயில் இடித்துக் கீழே விழுந்தது. உன் அப்பா ஓடுகிறார். ஓடுகிறார் என்று எழுதுகிறேன், வேறு வார்த்தை கிடைக்கவில்லை. யாடர் பந்தைத் தேடி எடுத்து வீசுவதற்குள் முதல் பேஸில் போய் விழுந்தார், அதில்தான் முழங்கால் போனது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. பாதிரியார் கூடப் பார்த்தார். எவாரிஸ்தோ மெதுவாக "டீச்சரம்மா, எங்களுக்கு வெள்ளைத் துணின்னா ரொம்பப் புடிக்கும்" என்றான். என் கை வெள்ளைத் துணி மேல்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, சாதாரண முயற்சியில் அவுட்டாக்கியிருக்க முடியுமா என்று கேட்கிறது. வேறு யார் ஓடியிருந்தாலும் சந்தேகம் வரும். ஓடியது உன் அப்பா. அவர் போய்ச் சேர்வதற்குள் யாடர் பந்தைப் பிடித்து, துடைத்து, வீட்டில் அம்மாவிடம் காட்டிவிட்டு வந்து வீசியிருக்கலாம். நான் நீலத் துணியைத் தூக்கினேன்.

ஊர் என்னைத் திட்டிய திட்டை எல்லாம் எழுத மாட்டேன், டோன்யா என்கார்னா வயதானவர். நான் கணக்குக் கற்றுக்கொடுத்த பயல்கள்தான் திட்டினார்கள். அடுத்தவன் அவுட்டாகி ஆட்டம் முடிந்தது, ரியோ மான்சோக்காரர்கள் அந்தப் பந்து வீச்சாளனைத் தோளில் தூக்கிக்கொண்டு நம் மைதானத்தையே சுற்றி வந்தார்கள். உன் அப்பா நொண்டிக்கொண்டே வந்து என் மேஜை முன்னால் நின்றார், என்னைப் பார்க்காமல் குடையைப் பார்த்து "இந்தக் குடை எங்க வீட்டுதுதானே" என்று கேட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சாப்பிட வாருங்கள் என்றால் நாயிடம் "எனக்குப் பசிக்கலன்னு சொல்லுடா" என்கிறார். பசிக்காதவர் சீஸ் கொட்டகையில் உட்கார்ந்து வெறும் தோர்த்தியா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. திங்கள் விடியற்காலை ஆட்டத் தாளை உறையில் போட்டு ஃபுல்ஹென்சியோவின் பஸ்ஸில் லீக் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவன் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள் மதியம் ஒரு மணி இருக்கும், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பார்த்தால் யாடர், மோவாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "டீச்சரம்மா, அது பிழை இல்ல. பந்து குழியில பட்டு எகிறிச்சு. என் எடத்துல யாரு நின்னிருந்தாலும் புடிச்சிருக்க முடியாது" என்றான். பந்து தரையில் எதிலாவது பட்டு இயல்புக்கு மாறாக எகிறினால் அது அடிதான், சட்டம் அப்படித்தான். ஆனால் எனக்குச் சந்தேகம் கிளம்பிவிட்டது. பிழையே செய்யாத ஆட்டக்காரனுக்கு லீகில் ஒரு குதிரைச் சேணம் பரிசு, இவனுக்கு அது நழுவிப் போயிற்று. உனக்குச் சேணம் வேண்டும் அதனால் வந்தாய் என்றேன். "ஆமா, வேணும்தான்" என்றான் வெட்கமில்லாமல். "ஆனா நீங்க அதை அடின்னு மாத்துனா எங்க பந்து வீச்சாளனோட சாதனை போயிரும். அவன் என் மச்சான். இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். என் பொண்டாட்டி என்னை என்ன பண்ணுவான்னு நெனச்சுப் பாருங்க. சும்மா ஒரு சேணத்துக்கா வருவேன்" என்றான். இதில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் யாராவது சொல்லி வந்தாயா, சீஸ் ஏதாவது கைமாறியதா என்றும் கேட்டேன். எனக்கு சீஸ் ஒத்துக்காது என்றான். தீர்ப்பை மாற்றக் குறிப்பாளருக்கு இருபத்துநாலு மணி நேரம் உண்டு. ஆட்டம் முடிந்தது ஞாயிறு நாலு மணிக்கு.

உன் அப்பாவுக்குத் தெரியாமல் இருவரும் மைதானத்துக்குப் போனோம். மூன்றாவது பேஸுக்கு முன்னால், அவன் காட்டிய இடத்தில், ஆழமாக ஒரு குளம்புத் தடம். வெள்ளிக்கிழமை இந்த வருஷத்து முதல் மழை பெய்ததல்லவா, சேற்றில் பதிந்து வெயிலில் கல்லாகக் காய்ந்திருந்தது. குளம்பின் ஒரு பக்கம் பிளந்த தடம். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, நம் ரெய்னாதான், அவளுக்குத்தானே முன்னங்கால் குளம்பு பிளந்திருக்கிறது. ஜனவரியிலிருந்து நான் உன் அப்பாவிடம் படலைக் கட்டுங்கள், படலைக் கட்டுங்கள், மாடு மைதானத்தில் போய் மேய்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பேஸ்பால் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சோம்பலுக்குப் பரிசாக அவர் மாடே அவருக்கு ஒரு அடி வாங்கிக் கொடுத்திருக்கிறது, யோசித்துப் பார். ஆனாலும் நான் உடனே நம்பிவிடவில்லை. யாடரை அங்கே நிறுத்தி, நான் பேட் இருக்கும் இடத்திலிருந்து பந்தை அதே பாதையில் உருட்டினேன். பத்துத் தடவை. ஏழு தடவை பந்து எகிறியது, அதில் ஒன்று மறுபடி அவன் மோவாயில் பட்டது, பாவம். பத்துக்கு ஏழு என்றால் எழுபது மார்க், பாஸ்தான். மணி பார்த்தேன், இரண்டு. அடுத்த பஸ் மூன்று மணிக்கு, அது போய்ச் சேர நாலரை ஆகும். யாடர் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான், நான் என் பாவாடையைப் பார்த்தேன்.

நான் ஆண்பிள்ளை வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன் என்று உனக்கு எமெலினாவின் மகள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அதுவும் எதிர் அணிக்காரன் வண்டியில், அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு. ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஓடையைத் தாண்டும்போது ஒரு செருப்புப் போய்விட்டது. நிறுத்தவா என்றான், ஓட்டு என்றேன். லீக் அலுவலகத்தில் ஒரு பெரியவர் கதவைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கத்தில் இருந்தார், தட்டி எழுப்பினேன். "யம்மா, சீசன் முடிஞ்சு போச்சு. இருபத்திரண்டு தோல்விக்கு நடுவுல ஒரு அடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஊருக்குப் போங்க" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை, ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல், "அது என்னன்னு அடிச்சவர்கிட்ட கேளுங்க, கதவைத் திறங்க" என்றேன். திறந்தார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு பிழை என்று எழுதியதை அடித்து, அடி என்று எழுதி, காரணமும் எழுதினேன், 'மாட்டுக் குளம்பு' என்று. பெரியவர் அதை இரண்டு தடவை வாசித்தார். கீழே கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷத்தில் நான் போட்ட தீர்ப்பை நானே அடித்து எழுதியது அதுதான் முதல் தடவை, இடானியா.

நாங்கள் திரும்புவதற்குள் அந்தப் பெரியவர் எவாரிஸ்தோவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஊர் எல்லைக்கு வரும்போதே ஒலிபெருக்கியில் உன் அப்பா பேர் கேட்கிறது, "போத்ரெரித்தோ மக்களே, நேத்து சாயங்காலம் நடந்தது அடி, டோன் லியோன்சியோ பேருல அடி, நேத்து கைதட்டாதவங்க இப்பத் தட்டலாம்". வெடி வெடிக்கிறார்கள், கோவில் மணி அடிக்கிறது, வருஷம் முழுக்க ஒரு வெற்றியைப் பார்க்காத சனங்கள் ஒரு நாள் தாமதமாக வந்த ஒரு அடிக்குத் தெருவில் ஆடுகிறார்கள். யாடருக்கு மாலை போடாத குறை. உன் அப்பா முழங்கை வரை தயிர்த்தண்ணி வழியக் கொட்டகை வாசலில் நின்றார். "ஓடி வந்திருப்பேன், ஆனா நான் ஓடுற லட்சணத்தைப் பத்தித்தான் நீ ஊருக்கே நீலத் துணி காட்டுனியே" என்றார். அப்புறம் ஒரு காலில் செருப்பில்லாததைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். அழுததை மகளுக்கு எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.

இவ்வளவும் செய்தி. சொல்ல வேண்டியதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நேற்று செவ்வாய்க்கிழமை காலை சாப்பிடும்போது உன் அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார், படலைக் கட்டவே மாட்டேன், ரெய்னா எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று சிரித்துக்கொண்டிருந்தார், நடுவில் தட்டைப் பார்த்துக்கொண்டே "எனக்காக மோட்டார் சைக்கிள்ல போன. நம்ம பொண்ணு தாளையும் ஒரு தடவை திருப்பிப் பாத்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உப்பை எடு என்பதுபோலச் சொன்னார். சோற்றை விட்டு எழுந்தேன். பிஸ்கட் டின்னை எடுத்தேன், உன் பழைய பரீட்சைத் தாள் எல்லாம் அதில்தான் இருக்கிறது, எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. ஆறாம் வகுப்பு, நவம்பர், கணக்கு, ஐம்பத்தொன்பது. எட்டாவது கேள்வி. 'புனித வாரத்தில் ஒரு பண்ணையில் ஒரு பசு கறவைக்கு ஆறு லிட்டர் பால் தருகிறது, தினம் ஒரு கறவை, அந்த வாரம் மொத்தம் எவ்வளவு?' கேள்வி என்னுடையதுதான், ஏழு நாள் என்று பிள்ளைகளுக்கு எளிதில் புரியட்டும் என்று புனித வாரம் என்று போட்டேன். விடை நாற்பத்திரண்டு. நீ முப்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 'பெரிய வெள்ளி அன்று யாரும் பால் கறப்பதில்லை' என்று எழுதியிருக்கிறாய். நான் அதன் மேலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

அன்று நீ என் மேஜைக்கு வந்து "அம்மா, வெள்ளிக்கிழமை கறந்தா பாலுக்குப் பதிலா ரத்தம் வரும்னு நீதானே சொன்ன" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணக்கு கணக்குதான், உட்கார் என்றேன். நம் வீட்டில் என்றைக்காவது பெரிய வெள்ளி அன்று மாட்டைத் தொட்டிருக்கிறோமா, இந்த ஊரில் யாராவது தொட்டிருக்கிறார்களா, கன்றுக்குட்டிக்குக் கொண்டாட்டமான நாள் அது ஒன்றுதான். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலா இருந்தது. தெரியும். எல்லோர் முன்னாலும் என் கேள்வி தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். வேறு பிள்ளை எழுதியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். என் மகள் என்பதால் யோசிக்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். மாட்டுக் குளம்புக்கு இரங்கிய நான் மாட்டுக் கணக்குக்கு இரங்கவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு. இதைத்தான் காலையில் போனில் சொல்ல முடியாமல் சளி என்று சமாளித்தேன்.

டோன்யா என்கார்னாவை நன்றாகப் பார்த்துக்கொள், காற்று அடிக்கும்போது காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரண்டு வேளை சாண்ட்விச்சிலேயே ஓட்டாமல் ஒரு வேளையாவது அரிசியும் பீன்ஸும் சமைத்துச் சாப்பிடு. அடுத்த வருஷமும் லீகில் ஆடுகிறோம், உன் அப்பா ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்கவில்லை. பல் சட்டையை மாற்ற மாட்டாராம், ராசியான சட்டையாம். ஜனவரியில் லீவு கேட்டு வா. டோன்யா என்கார்னாவின் மகளிடம் நானே வேண்டுமானால் பேசுகிறேன். நாம் இருவர் மட்டும் கடலுக்குப் போவோம், அப்பா மாடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும், கொஞ்சம் ஓடட்டும். கடவுள் உனக்கு எந்தக் குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும், உன் வழியில் ஒரு முள்ளும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. உள்ளே உன் ஆறாம் வகுப்புத் தாள் இருக்கிறது. ஐம்பத்தொன்பதை அடித்து அறுபத்துநாலு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நேற்றைய தேதி போட்டிருக்கிறேன். சுற்றியிருப்பது அந்த வெள்ளைத் துணி. நீயே வைத்துக்கொள். அப்பா அடிக்கிற அடிக்கு அடுத்த வருஷம் எனக்கு அது தேவைப்படாது.

உன் அம்மா,
நிக்கோலாசா
(இன்றிலிருந்து அறுபத்துநாலு டீச்சர்)